முள் சாயும் பக்கம்

டிராக்டரின் சார்ஜ் மீட்டர் முள் இன்றைக்கும் மைனஸ் பக்கம்தான் சாய்ந்து நிற்கிறது. நடுக்கோட்டிலிருந்து நகக்கண் அளவுதான் தள்ளியிருக்கிறது, ஆனாலும் மைனஸ் மைனஸ்தான். எஞ்சின் ஓடுகிறது, பெல்ட் ஓடுகிறது, பெல்ட்டோடு சேர்ந்து டைனமோவும் சுற்றுகிறது, சுற்றினால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற வேண்டும், ஏறினால் முள் பிளஸ் பக்கம் போக வேண்டும், இதில் எந்த இடத்தில் கோளாறு என்று காலையிலிருந்து நானும் டிராக்டரைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், முள் மட்டும் சண்டை போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த ஆள் மாதிரி அந்தப் பக்கமே கிடக்கிறது. பழைய வண்டி. எங்கள் பையன் பிரதீப் பிறந்த வருசம் வாங்கினோம், அப்போதே அது இன்னொருவர் ஓட்டித் தேய்த்த வண்டி. அவனுக்குக் கல்யாணமாகிப் பெங்களூரில் குடித்தனமும் வைத்தாயிற்று, வண்டி இன்னும் எங்களோடுதான் கிடக்கிறது. மத்தியானத்துக்குள் அவன் காரோடு வந்துவிடுவான். அவன் அப்பாவை, என் வீட்டுக்காரரை, ஏற்றிக்கொண்டு பெங்களூர் போய்விடுவான். அதற்குள் இந்த முள்ளைப் பிளஸ் பக்கம் சாய்த்துவிட வேண்டும். ஏன் இன்றைக்கே என்று கேட்டால், ஐப்பசி மழை ஒன்று பெய்துவிட்டது, மேற்குத் தோட்டத்தை ஈரம் காய்வதற்குள் உழ வேண்டும், அது ஒரு காரணம். நீங்க இல்லாட்டியும் இந்த வண்டி ஓடும், பாத்துட்டே போங்க என்று அவர் முகத்துக்கு நேராகக் காட்ட வேண்டும், அது இன்னொரு காரணம். முதல் காரணத்தை யாரிடமும் சொல்லலாம்.

அவர் களத்தோரம் தென்னை நிழலில், கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வெள்ளை வேட்டி, தேய்த்த சட்டை, நெற்றியில் திருநீறு, எல்லாம் காலையில் நான் போட்டுவிட்டது, பயணம் போகிற மனுசன் இல்லையா. ஆவணியில் ஒரு நாள் தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியோடு வாய்க்காலில் சாய்ந்தார். வலது கையும் காலும் போயிற்று, பேச்சும் போயிற்று. கால் கொஞ்சம் திரும்பிவிட்டது, பிடித்துக்கொண்டால் நாலு எட்டு வைக்கிறார். பேச்சு வரவில்லை. நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிகிறது என்று டாக்டர் சொன்னார். கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினார், கண்ணை மூடச் சொன்னால் மூடினார். அதனால் வாய்க்குப் பதிலாகத் தலை என்று ஆகிவிட்டது. ஆமாம் என்றால் மேலும் கீழும், இல்லை என்றால் இடமும் வலமும். யாரும் கூடிப் பேசி வைத்த ஏற்பாடு இல்லை, எல்லோருக்கும் தலை அப்படித்தானே ஆடுகிறது. அந்தத் தலையைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை பிரதீப்பிடம் ஆட்டினார். "அப்பா, எங்ககூட பெங்களூர் வந்துர்றீங்களா? அங்க பேச வெக்கறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்கப்பா" என்று அவன் கேட்டான். நான் அடுப்படியில் இருந்தேன். போக மாட்டார் என்று எனக்கு நிச்சயம். சொந்தத் தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் மாட்டைச் சாக்குச் சொல்லிவிட்டுப் பந்தியோடு திரும்புகிற ஆள். எட்டிப் பார்க்கிறேன், தலை ஆடுகிறது. மேலும் கீழும். ஒரு தரம் இல்லை, திரும்பத் திரும்ப, இடது கையால் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட. "பாரும்மா, அப்பாவே வர்றேங்கறாரு" என்றான். நீயும் வாம்மா என்று கேட்டான், கேட்காமல் இல்லை. மாட்டை யார் பார்ப்பது, தென்னையை யார் பார்ப்பது என்றேன். அவர் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். இத்தனை வருசக் குடித்தனம் ஒரு தலையாட்டலில் முடிந்துபோனது. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கோபம் இருந்தாலும் அவரைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த வண்டியின் ஒவ்வொரு நட்டும் அவர் கை முடுக்கியது. நான் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தவள், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள், தப்பான ஸ்பேனரைக் கொடுத்துத் திட்டு வாங்கியவள், அப்படித் திட்டு வாங்கியே கற்றுக்கொண்டதுதான் எல்லாம். எஞ்சினை நிறுத்திவிட்டு முதலில் பெல்ட்டுக்குப் போனேன். "ஏனுங், பெல்ட் லூசா இருக்குங்ளா?" மேலும் கீழும் ஆட்டினார். கட்டை விரலால் நடுவில் அழுத்திப் பார்த்தால் சரியான இறுக்கம், இதற்கு மேல் இறுக்கினால்தான் தப்பு. சரி, அங்கே உட்கார்ந்துகொண்டு அவருக்கு என்ன தெரியும் என்று விட்டேன். "கார்பன் தேஞ்சு போச்சுங்ளா?" அதற்கும் மேலும் கீழும். டைனமோவின் பின்பக்கத் தகட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கைத் தூக்கிக் கார்பன் கட்டை இரண்டையும் வெளியே எடுத்தேன். விரல் கறுத்ததுதான் மிச்சம். இரண்டும் புதுசு மாதிரி இருக்கின்றன. போன கோடையில்தானே அவர் மாற்றினார், இதே களத்தில் உட்கார்ந்து, நான் மோர் கொண்டுவந்து கொடுத்தேனே, எனக்குக் கழற்றிய பிறகாவது ஞாபகம் வந்தது. மாற்றின ஆளுக்கு வரவில்லை. கார்பன் உரசுகிற செம்பு உருளையை உப்புத்தாள் வைத்துத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது, கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

எப்பருந்து இப்படி என்றுதான் அவர் எந்த வண்டியைத் தொட்டாலும் முதலில் கேட்பார். நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பழைய பேட்டரி செத்துப்போனது, அதிலிருந்துதான். டவுனில் பேட்டரிக் கடை வைத்திருப்பவர் புதுசு கொண்டுவந்தார். "துளசியக்கா, சென்னியண்ணன் என்னுங் இப்படித் திருப்பி மாட்டி வெச்சிருக்காரு? பிளஸ்ஸக் கொண்டுபோயி பாடிக்குக் குடுத்திருக்காரு" என்று சிரித்தார். எனக்கு அப்போது பார்த்து ரோசம் வந்தது. "அவரு மாட்டலீங், வண்டி வந்ததுலருந்தே அப்படித்தானுங்" என்றேன். "அதெல்லாம் அந்தக் காலத்து வண்டிங்களுக்கக்கா. இப்பெல்லாம் மைனஸ்தான் பாடிக்கு" என்று கம்பிகளை மாற்றி முடுக்கினார். ஒரு வயரை எடுத்து டைனமோவின் தலையில் பட்டென்று தொட்டு எடுத்தார், பொறி பறந்தது, "இனி இதுவும் அதுக்குத் தகுந்த மாதிரி சார்ஜ் பண்ணுமுங்" என்றார். ஒரு தரம் செல்ஃப் அடித்து எஞ்சின் பிடிப்பதைக் காட்டினார், அதற்குள் அவருக்கு ஃபோன் வந்துவிட்டது, போய்விட்டார். எனக்கும் ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோக வேண்டியிருந்தது, ஊட்டிக்கொண்டே கடைக்காரர் செய்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். அடுத்த வாரம் வண்டியை எடுத்தபோதுதான் முள்ளைப் பார்த்தேன். அன்றிலிருந்து செல்ஃப்பைத் தொடுவதில்லை, சார்ஜ் ஏறாத பேட்டரியில் இருப்பதையும் கரைத்துவிடக் கூடாதே. களத்து மேட்டில் சரிவு பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, எடுக்கும்போது கல்லை உதைத்துத் தள்ளி, கியரில் போட்டு உருட்டித்தான் எடுக்கிறேன். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன், ஹெட்லைட் போட வேண்டாம் என்று. இப்போதும் வண்டி அந்தச் சரிவில்தான் நிற்கிறது. போகிற வருகிற ஆட்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

பெல்ட்டைக் கழற்றினேன். டைனமோவைச் சோதிக்க வேறு வழி இல்லை. "டைனமோ நல்லாருக்குங்ளா?" என்றேன். இடமும் வலமும், பலமாக. பகீரென்றது. டைனமோ போய்விட்டால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. பெல்ட் இல்லாத டைனமோவுக்குப் பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தால், நல்ல டைனமோவாக இருந்தால் மோட்டார் போலத் தானாகச் சுற்றும், எத்தனையோ தடவை அவர் என்னை வயர் பிடிக்கச் சொல்லிச் செய்த வேலை. கொடுத்தேன். விர்ரென்று சுற்றியது. சந்தோஷப்பட வேண்டிய இடம், நான் அவர் சொன்னதையெல்லாம் விரல் விட்டு எண்ணினேன். பெல்ட் தப்பு, கார்பன் தப்பு, டைனமோவும் தப்பு. பேச்சு போனால் போகிறது, இந்த வண்டியே அவருக்கு மறந்துபோயிற்று என்றால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யார்? அதனால்தான் பெங்களூருக்கும் தலையாட்டினாரோ, இது எந்த ஊர், எந்தத் தோட்டம், குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிற இந்தப் பொம்பளை யார் என்பதெல்லாம் கூடக் கொஞ்சம் கொஞ்சமாக. வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று வயரைச் சுருட்டினேன். அப்போது அவர் தொண்டையில் ஒரு சத்தம் போட்டார். இடது உள்ளங்கையை மேலே காட்டினார், புரட்டினார், மறுபடி மேலே காட்டினார், புரட்டினார். "என்னுங், வெயில் படுதுங்ளா? திருப்பி உக்கார வெக்கட்டுங்ளா?" மேலும் கீழும். ஆளோடு சேர்த்து நாற்காலியை இழுத்துத் திருப்பி வைத்தேன். முதுகு வண்டிக்கும் முகம் வரப்புக்கும் ஆனதும் ஒரு உறுமல், நாற்காலியின் கையில் ஒரு குத்து. மறுபடி இழுத்துப் பழையபடியே வைத்தேன்.

வீட்டிலும் இதே கதைதான். காப்பி குடிக்கறீங்ளா என்றால் மேலும் கீழும், ஆற்றிக் கொண்டுபோனால் டம்ளரைத் தள்ளிவிடுகிறார். தோசை போதுமுங்ளா என்றால் மேலும் கீழும், தட்டை எடுத்தால் தட்டின் பின்னாலேயே அவர் கண்ணும் வருகிறது. வீம்பு என்றுதான் நினைத்தேன். வாய் இருந்த காலத்திலேயே நான் எதைச் சொன்னாலும் ஏட்டிக்குப் போட்டிதான், தலைக்கு மட்டும் புதுக்குணம் எங்கிருந்து வரப்போகிறது என்று நினைத்தேன். அதனால் கேட்பதையே குறைத்துக்கொண்டேன். காப்பி நேரத்துக்குக் காப்பி, சோற்று நேரத்துக்குச் சோறு, கேள்வி இல்லாவிட்டால் சண்டையும் இல்லை. நாளையிலிருந்து அந்த நேரமெல்லாம் எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஃபோன் அடித்தது. "அம்மா, பெருந்துறை தாண்டிட்டேன். அப்பாவ ரெடி பண்ணிட்டியா? மாத்தரையெல்லாம் பைல வெச்சிரு" என்றான் பிரதீப். நல்ல பையன்தான், அவன் மேல் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. வெச்சாச்சு என்றேன். நேற்றே வைத்துவிட்டேன், வேட்டி, துண்டு, சவரக் கத்தி, மாத்திரை. அவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்குப் பக்கத்திலேயே பை இருக்கிறது, அதன் மேல் அவர் செருப்பு.

பெல்ட்டை மாட்டி, கல்லை உதைத்துத் தள்ளி, உருட்டி எடுத்தேன். முள் மைனஸ். எரிச்சலில் ஆக்ஸிலேட்டர் லீவரை இழுத்தேன், முள் இன்னும் தள்ளி மைனஸில் போனது. குறைத்தேன், நடுப்பக்கம் வந்தது. இழுத்தேன், போனது. குறைத்தேன், வந்தது. இது என்ன கூத்து? பேட்டரி சும்மா கரைகிறது என்றால் எஞ்சின் வேகத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், டைனமோ வேலை செய்யவில்லை என்றால் முள் இந்த லீவரைக் கண்டுகொள்ளவே கூடாது. இது ஒவ்வொரு இழுப்புக்கும் பதில் சொல்கிறது. அப்படியானால் டைனமோ என்னவோ செய்கிறது, முள்ளும் என்னவோ சொல்கிறது, எனக்குத்தான் விளங்கவில்லை. முள் சொல்வதை வைத்து மற்ற எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தேன், முள்ளை மட்டும் கேட்கவில்லை. முள்ளை எப்படிக் கேட்பது? பதில் தெரிந்த கேள்வியாகக் கேட்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஹெட்லைட்டைப் போட்டால் பேட்டரி கரையும், அதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது, முள் மைனஸ் காட்டியே ஆக வேண்டும். எஞ்சினை நிறுத்தினேன். இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்த பேட்டரி, மனசே இல்லாமல்தான் சுவிட்சைத் திருப்பினேன். பட்டப்பகலில் இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தன. முள் துள்ளிப் பிளஸ் பக்கம் போய் நின்றது.

அணைத்தேன், நடுவுக்கு வந்தது. போட்டேன், பிளஸ். கரைகிற நேரத்தில் ஏறுகிறது என்கிறது, ஏறுகிற நேரத்தில் கரைகிறது என்கிறது. கடைக்காரர் பேட்டரிக் கம்பியை மாற்றினார், டைனமோவையும் அதற்குத் தகுந்த மாதிரி மாற்றினார், மீட்டருக்குப் போகிற இரண்டு வயரை மட்டும் இடம் மாற்றாமல் விட்டுவிட்டார். முள் பழைய பழக்கத்திலேயே தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. சார்ஜ் ஒரு நாளும் நிற்கவில்லை. நான்தான் மேடு தேடிக்கொண்டு அலைந்திருக்கிறேன். செல்ஃப் அடித்தேன், ஒரே அடியில் பிடித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பினேன். அவர் இடது உள்ளங்கையைக் காட்டினார், புரட்டினார். காட்டினார், புரட்டினார். அட, இதையா? காலையிலிருந்து இதையா சொல்லிக்கொண்டிருந்தார்? எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினேன், "மீட்டர் வயரத் திருப்பி மாட்டோணுமுங்ளா?" தலை இடமும் வலமும் ஆடியது, பலமாக. கை இன்னும் புரட்டிக்கொண்டிருக்கிறது. கை மாற்று என்கிறது, தலை வேண்டாம் என்கிறது. நான் லீவரைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். பெல்ட் லூசா என்றேன், ஆமாம் என்றார், லூசு இல்லை. கார்பன் தேய்ந்ததா என்றேன், ஆமாம் என்றார், தேயவில்லை. டைனமோ நல்லதா என்றேன், இல்லை என்றார், நல்லதுதான். வண்டி மறந்துபோன ஆள் குருட்டாம்போக்கில் ஒன்றிரண்டையாவது சரியாகச் சொல்வான். இவர் ஒன்றைக் கூட விடாமல் தப்பாகச் சொல்லியிருக்கிறார். அப்புறம் காப்பி. அப்புறம் தோசை. அப்புறம் பெங்களூர். எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினேன்.

வந்தது சந்தோஷம் மட்டும் இல்லை. எனக்கு எது வேண்டுமோ அதையே நான் படித்துக்கொள்கிறேனோ என்ற பயம். நிஜமாகவே அவருக்குப் போக ஆசையாக இருந்து, நான் அவர் ஆமாமை இல்லை என்று திருப்பி வைத்துக்கொண்டு ஆளைப் பிடித்து உட்கார வைத்தால், அது எவ்வளவு பெரிய பாவம். பேச வைப்பவர்கள் கோயமுத்தூரிலும் இருப்பார்கள், நானே கூட்டிக்கொண்டு போவேன், அது வேறு விஷயம். முள்ளைக் கேட்ட மாதிரி முதலில் இவரையும் பதில் தெரிந்த கேள்வியாகக் கேட்க வேண்டும். அவர் முன்னால் குந்தினேன். என்ன கேட்பது? பேரைக் கேட்கலாம், அவர் பேரை என் வாயால் சொன்னதில்லை, சொன்னால் அந்தத் திகைப்பிலேயே தலை எந்தப் பக்கமாவது ஆடிவிடும். தெரிந்ததைக் கேட்டால் மனுசன் என்ன நினைப்பார், என்னைக் கிறுக்கன் ஆக்கிவிட்டாயா என்று நினைக்க மாட்டாரா? அதனால்தான் இத்தனை நாளும் யாரும் கேட்கவில்லை. பெற்ற பிள்ளையும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, எல்லாம் மரியாதை. தூரத்தில் இட்டேரிப் பாதையில் கார் ஒன்று திரும்புகிற சத்தம் கேட்டது. "ஏனுங்" என்றேன், "நாந்தானுங்ளே உங்க சம்சாரம்?" தப்பான ஸ்பேனரைக் கொடுத்தால் பார்ப்பாரே, அதே பார்வை. அப்புறம் தலை ஆடியது. இடமும் வலமும். இல்லை. ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதாது, இல்லை என்று சொல்ல வேண்டிய கேள்வியும் கேட்க வேண்டும். "அங்க நிக்கறது மாட்டு வண்டிங்ளா?" மேலும் கீழும், முகம் கடுகடுவென்று. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கு ஒழுகியது, கார்பன் கறுப்பு அப்பிய கையாலேயே துடைத்துக்கொண்டேன். "பெங்களூர் போறீங்ளா?" மேலும் கீழும். மேலும் கீழும். மேலும் கீழும். இடது கை நாற்காலியை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

கார் களத்தில் வந்து நின்றது. பிரதீப் இறங்கி வந்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா மூஞ்சியெல்லாம் கரி?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் அப்பாவின் தோளில் கை வைத்து, "கெளம்பலாமாப்பா?" என்று கேட்டான். அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். அவன் குனிந்து பையை எடுத்தான். நான் அவன் கையிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தேன்.

"அப்பா வரலையாம் சாமி."

"என்னம்மா சொல்ற? இப்பத்தான தலையாட்டுனாரு?"

"ஆமா. அதனாலதாஞ் சொல்றேன்."